மேடையில் மேளத்தின் இடம்

விழா நடத்துவது எளிய செயல் அன்று என்பதைச் சங்கத்தில் ஒரு முறையேனும் பொறுப்பேற்றவர் அறிவர். நன்கொடை திரட்ட ஆள் கிடைப்பர். சமையலைக் கவனிக்கப் பலர் முன்வருவர். தலைமை தாங்கவும், மாலை இடவும், இட்ட மாலையை ஏற்கவும் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. மேடையில் எந்தப் பொருளை எங்கே வைப்பது என்னும் வேலைக்கு மட்டும் எவரும் வருவதில்லை. அதனை ஒரு வேலையாகவே பலர் கருதுவதில்லை. “வண்டிக்காரர் இறக்கி வைத்த இடத்திலேயே இருக்கட்டும்” என்று சொல்லிவிடுவர். நாங்களும் அவ்வாறு சொன்னவர்களே. சொன்னதால் நேர்ந்ததையும், பின்னர்க் கற்றதையும் அன்பர்களுக்குக் கூறவே இதனை எழுதுகின்றோம்.

பொம்மனஹள்ளியில் நம்மவர் வாழும் வாழ்வு அன்பர்கள் அறியாததன்று. ஓசூர்ச் சாலையின் இருமருங்கும் உள்ள தெருக்களில் தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, வேலூர், சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் பல வாழ்கின்றன. ஆயத்த ஆடை ஆலையில் தைப்பவர், கட்டட வேலை செய்பவர், வாடகை வண்டி ஓட்டுபவர், எலெக்ட்ரானிக் சிட்டி அலுவலகங்களுக்குச் செல்பவர் என்று தொழில் பல. வீட்டில் தமிழ் பேசுகின்றோம். ஆயினும் நம் பிள்ளைகளிற் பலர் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கின்றனர். தமிழைப் பேசத் தெரிந்தும் எழுதத் தெரியாத பிள்ளைகள் நம்மிடையே உண்டு. அத்தகைய பிள்ளை தமிழ்ப் பாட்டு ஒன்றை மனப்பாடம் செய்து, பலர் முன்னிலையில் நின்று பாடும் நாள் ஆண்டில் ஒன்றோ இரண்டோதான். அந்த ஒரு மாலைக்காகவே நம் மேடை அமைகின்றது. இதனை நாங்கள் அன்று மறந்திருந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்த பொங்கல் விழா அது. பொங்கலை அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை, குறுக்குத் தெரு ஒன்றின் கோடியில் மேடை எழுப்பியிருந்தோம். இரண்டு பக்கமும் மூன்று மாடி வீடுகள், மேலே ஷாமியானா, கீழே இருநூறு நாற்காலிகள். அவ்வாண்டு முதன்முறையாக இன்னிசைக் குழு ஒன்றை அமர்த்தியிருந்தோம். டிரம்ஸ், தபேலா, இரண்டு கிடார், ஒரு கீபோர்டு, ஆம்ப்ளிஃபையர் பெட்டிகள், ஆளுயர ஒலிபெருக்கிகள் எல்லாம் ஒரு சிறு சரக்கு வண்டியில் வந்து இறங்கின. அவற்றைக் கண்டதும் எங்களுக்கு ஏற்பட்ட பெருமிதம் சொல்லும் தரத்ததன்று. பிற சங்கத்தார் கண்டு வியக்க வேண்டும் என்று எண்ணிப் பளபளக்கும் டிரம்ஸை மேடையின் நட்ட நடுவில் வைக்கச் செய்தோம். கிடார்ப் பெட்டிகளை மேடையின் முன் விளிம்பில், தரையோடு தரையாக, மக்களை நோக்கி வைத்தோம். முன்னால் வைத்தால் குழந்தைகள் முட்டிக் கவிழ்ப்பர் என்று அஞ்சி, பெரிய ஒலிபெருக்கிகளை மேடையின் பின்புறம் நிறுத்தினோம். பாடுவோர்க்கு எஞ்சியது டிரம்ஸுக்கு முன்னால் இருந்த மூன்றடி இடமே.

எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி பாரதியார் பாடல் ஒன்றைப் பாடவந்தாள். அவள் தமிழ் எழுத்து அறியாதவள். அவளுடைய தாயார் சொல்லச் சொல்ல, பாட்டைக் கன்னட எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு இரண்டு மாத காலம் பயின்றவள். அவளைக் கேட்பதற்கென்றே தருமபுரிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து அவளுடைய பாட்டியார் பேருந்தில் வந்து மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்தார். மைக் தாங்கி பெரியவர் உயரத்துக்கு ஏற்றது. குழந்தைக்கு ஏற்ப முழுதும் இறங்கவில்லை. மைக் அவள் வாயிலிருந்து ஒரு சாணுக்கு அப்பால் நின்றது.

இசை தொடங்கிற்று. சிறுமியின் உதடுகள் அசைவதைக் கண்டோம். சொல் ஒன்றும் கேட்கவில்லை. ஒலி அமைப்பாளர் அவளுடைய குரலை ஏற்றினார்; மேளமும் உடன் ஏறியது. மேலும் ஏற்றினார், மைக் கூவத் தொடங்கியது. கூவலைக் கண்டு அஞ்சிய சிறுமி ஓர் அடி பின்வாங்கினாள். இருந்த சிறு குரலும் போயிற்று. பாட்டு முடிந்ததும் எல்லாரும் கைதட்டினர். எதற்குக் கைதட்டினோம் என்பது எவர்க்கும் தெரியாது.

கீழே இறங்கிய குழந்தையை அணைத்துக்கொண்டு அம்மூதாட்டியார் கூறியது இது: “பாப்பா நல்லாத்தான் பாடியிருப்பா. என் காதுதான் மந்தமாப் போச்சு.” அவர் காது மந்தமன்று. சற்று முன்னர்த்தான், பத்தடி தொலைவில் நாங்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்த பந்தற்செலவுக் கணக்கைக் கேட்டுவிட்டு, “இவ்வளவு காசா!” என்று வியந்தார். குற்றம் எங்களுடையது, அதனை அவர் தம் காதின்மேல் ஏற்றிக்கொண்டார். அச்சொல் எங்களை வருத்தியது போல, வேறு எவரேனும் ஏசியிருந்தாலும் வருத்தியிராது.

அன்றிரவே மற்றொன்றும் நிகழ்ந்தது. ஒன்பதே முக்கால் மணியளவில், பக்கத்து வீட்டுக் கன்னடப் பெரியவர் ஒருவர் மேடையருகே வந்தார். சினம் கொள்ளவில்லை. தம் மருமகள் பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்து பத்து நாள்தான் ஆயிற்று என்றும், சன்னற்கதவுகள் அதிர்கின்றன என்றும், சற்றுக் குறைத்தால் நலம் என்றும் கைகூப்பிக் கேட்டுக்கொண்டார். நாங்கள் தலைகுனிந்தோம். உள்ளே இருந்த கைக்குழந்தைக்குக் கேட்கக் கூடாதது கேட்டது. மூன்றாம் வரிசைப் பாட்டியார்க்குக் கேட்க வேண்டியது கேட்கவில்லை. இதைவிடத் தலைகீழான விழா வேறு இருக்க முடியுமா?

மறுநாள் செயற்குழுவில் பழி முழுவதும் டிரம்ஸ் வாசித்த இளைஞர்மேல் விழுந்தது. “தாறுமாறாக அடித்தார், இனி டிரம்ஸே வேண்டாம்” என்றனர் பலர். மீதிப் பணம் கொடுக்கச் சென்றபோது இதனை அவரிடம் நயமாகக் குறிப்பிட்டோம். அவர் இவ்வூரிலேயே பிறந்து வளர்ந்தவர். கன்னடமும் தமிழும் ஒருங்கே பேசுபவர். அவர் சிரித்துவிட்டுக் கூறினார்: “அண்ணா, அடிச்ச கையைக் குறை சொல்றீங்க. என்னை எங்க உட்கார வெச்சீங்கன்னு பாருங்க. பாப்பாவோட மைக்குக்குப் பக்கத்துல இருந்தது பாப்பாவா, நானா?”

அக்கேள்வியே எங்களுக்குப் பாடமாயிற்று. அவரிடமும், பின்னர் ஒலி அமைப்புத் தொழில் அறிந்த வேறு சிலரிடமும் கேட்டுக் கற்றோம். கற்கக் கற்க, இது புதிய பொருள் அன்று, நம் முன்னோர் நன்கு எண்ணிப் பார்த்த பொருளே என்பதும் விளங்கிற்று.

சிலப்பதிகாரத்தில் அரங்கேற்று காதையைப் படித்தவர் நினைவு கூர்க. மாதவி ஆடிய அரங்கின் அளவை இளங்கோவடிகள் கணக்காகவே தருகின்றார். இருபத்து நான்கு விரல் கொண்டது ஒரு கோல். அக்கோலால் ஏழு கோல் அகலமும், எட்டுக் கோல் நீளமும், ஒரு கோல் உயரமும் உடையது அவ்வரங்கு. தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்கு வைத்ததையும் அவர் மறவாது சொல்கின்றார். கருவியாளர் தமக்குரிய முறைப்படி நின்றனர் என்கின்றார். குழலைத் தொடர்ந்து யாழும், யாழைத் தொடர்ந்து தண்ணுமையும், தண்ணுமையைத் தொடர்ந்து முழவும் இசைத்தன என்று வரிசையும் கூறுகின்றார். இவற்றினும் சிறந்தது தண்ணுமை ஆசிரியனுக்கு அவர் கூறும் இலக்கணம். பிற கருவிகளில் குறை நேரும் இடத்தைத் தன் முழக்கத்தால் நிரப்பவும், அடக்க வேண்டிய இடத்தில் அளவு மீறாமல் அடக்கவும் வல்லவனே நல்ல தண்ணுமையாளன் என்பது அதன் கருத்து. தோற்கருவியின் ஆற்றலை அறிந்தமையால்தான் அதன் அடக்கத்தையும் சேர்த்துச் சொன்னார்.

இன்றைய கருநாடக இசைக் கச்சேரியிலும் அமரும் முறைக்குக் காரணம் உண்டு. பாடகர் நடுவில், அவருக்கு வலப்பக்கம் மிருதங்கம், இடப்பக்கம் பிடில், பின்னே தம்பூரா. மிருதங்கக்காரர் பாடகரை நோக்கி அமரும்போது, அவருடைய வலக்கை வாசிக்கும் வலந்தலை மக்கட்பக்கம் திரும்பி நிற்கும். நாதம் நிறைந்த அத்தலையின் நுண்ணிய சொற்கள் மக்களுக்குத் தெளிவாகச் சென்று சேரும். இவ்வொழுங்கு எத்துணை முக்கியமானது என்பதற்குப் பழனி சுப்பிரமணிய பிள்ளையின் வாழ்வே சான்று. 1908 முதல் 1962 வரை வாழ்ந்த அப்பெருங்கலைஞர் இடக்கையால் வலந்தலையை வாசித்தவர். வழக்கமான இடத்தில் அவர் அமர்ந்தால் வலந்தலை மக்களுக்குப் புறம்பாகத் திரும்பிவிடும். ஆகவே அவர் பாடகரின் மறுபக்கம் அமர வேண்டும்; பிடில்காரர் இடம் மாறிக்கொள்ள வேண்டும். அதற்கு எல்லாரும் உடன்படவில்லை. அதனால் அவர் வாய்ப்புகளை இழந்ததும் உண்டு. செம்பை வைத்தியநாத பாகவதர் அவருக்குத் துணை நின்றார். இடம் மாறி அமர்வது சிறு செய்தி போலத் தோன்றும்; ஒரு மேதைக்கு மேடை கிடைப்பதும் கிடையாததும் அதில் அடங்கியிருந்தது.

உலகப் புகழ் பெற்றவர்களும் இவ்வகையில் இடர்ப்பட்டதுண்டு. 1965ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள், நியூயார்க் நகரின் ஷே விளையாட்டரங்கில் பீட்டில்ஸ் குழுவினர் பாடினர். கேட்க வந்தோர் ஐம்பத்தையாயிரத்துக்கு மேற்பட்டோர். கிடார்களுக்கு நூறு வாட் பெட்டிகள் கொண்டுவந்திருந்தனர். பாட்டோ, விளையாட்டு அறிவிப்புக்கென அரங்கில் பொருத்தியிருந்த ஒலிபெருக்கிகளில் ஒலித்தது. மக்களின் கூச்சலில், பாடியவர் குரல் பாடியவர்க்கே கேட்கவில்லை. அந்நாளைய நிகழ்ச்சிகளில் மற்றவரின் உடலசைவைப் பார்த்துத்தான் தாளம் போட நேர்ந்தது என்று டிரம்ஸ் வாசித்த ரிங்கோ ஸ்டார் பின்னாளில் சொல்லியிருக்கின்றார். மேடையில் உள்ளவர் ஒருவரையொருவர் கேட்க முடியாதபோது, மேடைக்கு வெளியே உள்ளவர் எதைக் கேட்டுத் துய்ப்பது?

இனி நாங்கள் கற்றவற்றை முறையே கூறுவோம்.

முதலாவது, தொலைவு. திறந்த வெளியில் ஓசைக்கும் கேட்பவர்க்கும் உள்ள தொலைவு இரட்டித்தால் ஓசையின் அழுத்தம் பாதியாகும். இதனை 6 டெசிபல் குறைவு என்பர். எங்கள் மேடையில் டிரம்ஸ் சிறுமியின் மைக்குக்கு மூன்றடி தொலைவில் இருந்தது. அதைப் பன்னிரண்டு அடிக்குக் கொண்டு சென்றால் மைக்கில் விழும் மேளம் நாலில் ஒன்றாகும். சிறுமியின் வாய் மைக்குக்கு எட்டு அங்குலத்தில் இருந்தது. அதை இரண்டு அங்குலமாக்கினால் குரல் நாலு மடங்காகும். இரண்டையும் சேர்த்தால் குரலுக்கு மேளத்தைவிடப் பதினாறு மடங்கு ஆதாயம். தெருவின் சுவர்கள் ஓசையைத் திருப்பி அனுப்புவதால் முழு ஆதாயம் கிட்டாது. பாதி கிட்டினும் போதுமன்றோ? இதற்கு ஒரு காசும் செலவில்லை. மைக்கின் ஏற்றத்தைக் கூட்டினாலோ, வாயிலிருந்து வந்ததும் மேளத்திலிருந்து வந்ததும் சேர்ந்தே ஏறும். அன்று நடந்தது அதுதான்.

இரண்டாவது, திசை. பாடுவோர்க்குத் தரும் மைக் பெரும்பாலும் முன்னால் உள்ளதை நன்றாகவும், பக்கத்தில் உள்ளதைப் பாதியாகவும், நேர்பின்னால் உள்ளதை மிகக் குறைவாகவும் கேட்கும். பாடுவோர்க்கு நேர்பின்னே டிரம்ஸை வைத்தால், மைக்கின் முகம் பாடுவோரைத் தாண்டி டிரம்ஸையே பார்த்து நிற்கும். ஆகவே நட்ட நடுவே அதற்கு ஏற்ற இடமன்று. பின்புறம் ஒரு பக்கமாக ஒதுங்கியிருத்தல் நன்று. பெரிய ஒலிபெருக்கிகள் மைக்குகளுக்கு முன்னால், மக்களை நோக்கி இருக்க வேண்டும். அவை பின்னால் இருந்தால் அவற்றின் ஓசை மைக்கில் புகுந்து, மீண்டும் பெருகி, மீண்டும் புகும்; அச்சுழற்சியே கூவலாக வெளிப்படும். பாடுவோர் தம் குரலைக் கேட்க வைக்கும் சிறு பெட்டியை மைக்கின் முதுகுப் பக்கத்தில் வைத்தல் வேண்டும்.

மூன்றாவது, கிடார்ப் பெட்டி. இதில் எங்களுக்கு வியப்பளித்த உண்மை ஒன்று உண்டு. கூர்மையான ஓசைகள் இப்பெட்டியிலிருந்து விளக்கின் ஒளிக்கற்றை போல் நேர்கோட்டில் செல்லும். பெட்டி தரையில் இருந்தால் அக்கற்றை வாசிப்பவரின் முழங்காலைத் தாக்கி, முன்வரிசையில் அமர்ந்தவர் முகத்தில் சென்று விழும். வாசிப்பவர்க்குத் தம் இசை மங்கலாகவே கேட்கும். அவர் மேலும் கூட்டுவார். முன்வரிசையார் காதைப் பொத்திக்கொள்வர். அதே பெட்டியை ஒரு நாற்காலிமேல் ஏற்றி, வாசிப்பவர் காதை நோக்கிச் சற்றே சாய்த்து, மேடைக்குக் குறுக்காகத் திருப்பிவிட்டால், எவரும் சொல்லாமலே அவர் குறைத்துக்கொள்வார். அதட்டலால் ஆகாதது ஒரு நாற்காலியால் ஆகின்றது.

நான்காவது, தாழ்ந்த ஓசை. பேஸ் கிடாரின் முழக்கமும் பெரிய டிரம்மின் முழக்கமும் கற்றையாகச் செல்லாமல் எப்பக்கமும் பரவும்; சுவரை ஒட்டியிருந்தால் இன்னும் பெருகும். பக்கத்து வீட்டுச் சன்னலை அதிரச் செய்தவை இவையே. ஆதலின் பேஸ் பெட்டியைச் சுவரிலிருந்து விலக்கி, டிரம்ஸின் அருகிலேயே வைத்தல் நன்று. தாளத்தின் அடியைப் பிடிக்க வேண்டிய இவ்விருவரும் ஒருவரையொருவர் அருகிருந்து கேட்டுக்கொள்வர். ஓசை ஒரு நொடியில் ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். பத்து மீட்டர் விலகி நின்றால் நொடியில் முப்பத்திலொரு பங்கு தாமதம். கேட்பவர்க்கு அது தோன்றாது. தாளக்காரர்க்கு அதுவே தடுமாற்றமாகும். உள்ளீடற்ற பலகை மேடையும் ஒரு பெரிய மேளமே. பெட்டிகளுக்கும் டிரம்ஸுக்கும் கீழே கெட்டியான ஜமக்காளம் விரித்தால் பலகையின் அதிர்வு ஓரளவு அடங்கும்.

இவ்வளவும் தமிழ்ச் சங்கத்துக்கு ஏன் என்று அன்பர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. நம் இலக்கணத்தில் உயிர்க்குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை, மெய்க்கு அரை மாத்திரை. பாடும்போது உரத்து நீள்வது உயிர். மெய்யோ நொடிப்பொழுதில் தோன்றி மறையும் மெல்லோசை. ஒரு சொல்லை மற்றொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டுவதில் மெய்க்கே பெரும்பங்கு. ‘பல்’லும் ‘பள்’ளும், ‘கலை’யும் ‘களை’யும் ‘கழை’யும் வேறுபடுவது மெய்யால் அன்றோ? மெய்களைத் தெளிவுறக் காட்டும் கூர்மையான ஓசைகள் எவையோ, ஏறத்தாழ அவற்றின்மேல்தான் டிரம்ஸின் பித்தளைத் தட்டுகளின் இரைச்சலும் வந்து விழுகின்றது. இடம் தவறினால் முதலில் மறைவது அந்த அரை மாத்திரையே. உயிர் மட்டும் ‘ஆ’ என்றும் ‘ஓ’ என்றும் மிதந்து வரும், மெய் மாய்ந்துவிடும். பாட்டு நன்கு தெரிந்தவர் விடுபட்டதைத் தாமே நிரப்பிக்கொள்வர். தமிழைச் செவி வழியே மட்டும் கற்கும் நம் பிள்ளைகள் எதைக் கொண்டு நிரப்புவர்?

அடுத்த ஆண்டு விழாவிற்கு அதே குழுவையே அழைத்தோம். டிரம்ஸ் மேடையின் பின்புறம் இடக்கோடியில், ஜமக்காளத்தின்மேல் அமைந்தது. பின்னே கனத்த திரைத்துணி இரண்டு மடிப்பாகத் தொங்கவிடப்பட்டது. அதன் அருகே பேஸ் பெட்டி. எதிர்ப்பக்கம் கீபோர்டும், நாற்காலிமேல் கிடார்ப் பெட்டியும். இருநூறு பேர் அமரும் தெருவில் டிரம்ஸுக்கு மைக் தேவையில்லை என்று அவ்விளைஞரே எடுத்துவிட்டார். குழந்தைகள் பாடும்போது கட்டைக் குச்சிகளை வைத்துவிட்டு, மெல்லிய குச்சிகளைச் சேர்த்துக் கட்டியதொரு கோலால் வாசித்தார். ஒலிபெருக்கிகள் மேடைக்கு முன்னே இரு பக்கமும், ஆள் உயரத்துக்கு மேல், நாற்காலிகளை நோக்கிச் சற்றுக் குனிந்து நின்றன. குட்டையான மைக் தாங்கி ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்தோம்.

மாலையில் ஒரு சோதனையும் செய்தோம். குழந்தை பாட, பாட்டறியாத அன்பர் ஒருவரை மூன்றாம் வரிசையில் அமர்த்தி, காதில் விழுந்த சொற்களை எழுதச் சொன்னோம். முதன்முறை பாதிச் சொற்களே தாளில் இருந்தன. கீபோர்டைச் சற்றுக் குறைத்து, மைக்கை இன்னும் அருகே வைத்தோம். இரண்டாம் முறை நாலைந்து சொற்களே விடுபட்டன. எந்தக் கருவியும் சொல்லாததை அந்தத் தாள் சொல்லிற்று.

இதற்கு முன்னரே பக்கத்து வீட்டுப் பெரியவரைச் சென்று கண்டோம். ஒலிபெருக்கி வைக்க எழுத்து மூலம் இசைவு பெற வேண்டும் என்பதும், பொதுவாக இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை அது கூடாது என்பதும் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் உள்ளவை. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று அவ்விதிகள் அளவு வகுத்துள்ளன. சட்டத்துக்கு அஞ்சி ஒழுகுவது வேறு. அண்டை வீட்டாரை எண்ணி ஒழுகுவது வேறு. வேற்றூரில் வாழும் நமக்கு இரண்டாவதே உயர்ந்தது. ஒன்பது மணிக்கு இசையை முடித்துவிடுவதாகச் சொன்னோம். அவர் தம் பேரக்குழந்தையுடன் வந்து அரைமணி நேரம் அமர்ந்திருந்து சென்றார்.

எல்லாரும் உவந்து ஏற்றனர் என்று சொல்ல மாட்டோம். செயற்குழுவில் இளைஞர் சிலர், “அதிராத மேளம் மேளமா? விழா என்றால் நெஞ்சு அதிர வேண்டும்” என்றனர். அவர்கள் கூற்றிலும் உண்மை இருந்தது. பறை முழக்கம் கேட்டால் கால் தானே ஆடும் இனம் நம் இனம். ஆனால் பறை வெட்டவெளிக்குரிய கருவி. தீயில் காய்ச்சி விறைப்பேற்றித் தெருவில் நின்று முழக்குவது. அதனைச் சுவர்களுக்கு நடுவே, குழந்தையின் மைக்குக்கு அருகே வைப்பது அதற்கும் இழுக்கு, குழந்தைக்கும் இடர். ஆகவே மாலை ஐந்து மணிக்குத் தெரு முனையில், திறந்த இடத்தில், ஒலிபெருக்கி இல்லாமலே அரைமணி நேரம் பறை முழங்க ஏற்பாடு செய்தோம். இளைஞரும் சிறுவரும் ஆடிக் களித்தனர். மேளத்தை நாங்கள் விலக்கவில்லை. அதற்கு உரிய இடத்தைத் தந்தோம். ஆயினும் மேடை இசை சப்பென்றிருந்தது என்று இன்றும் சொல்பவர் உண்டு. அவர்கள் அமர்ந்திருந்தது பின்வரிசையில்; அடுத்த முறை அதையும் கவனிக்க வேண்டும்.

அவ்வாண்டு அச்சிறுமியின் பாட்டியார் வரவில்லை. காலில் அடிபட்டு ஊரில் படுத்திருந்தார். அவருக்காக இவ்வளவும் செய்தோம் என்று எண்ணியிருந்த எங்களுக்கு மனம் வாடிற்று. சிறுமி மேடையேறியதும் அவளுடைய தந்தையார் மூன்றாம் வரிசையில் எழுந்து நின்று, கைப்பேசியில் ஊரை அழைத்து, அதை மேடைப்பக்கம் நீட்டிப் பிடித்தார். பாட்டு முடிந்ததும் கைதட்டல் ஓயட்டும் என்று காத்திருந்து, அவர் கைப்பேசியைக் காதில் வைத்தார். சற்று நேரம் கேட்டுவிட்டுச் சிரித்தார். என்ன சொன்னார் என்று ஆவலோடு கேட்டோம்.

“எல்லாச் சொல்லும் கேட்டுச்சாம். ஒரு இடத்துல ழகரம் சரியா வரலையாம். பாப்பாவை இன்னும் நல்லாப் பழகச் சொல்லுன்னு சொல்றாங்க” என்றார்.

முந்தைய ஆண்டு மூன்றாம் வரிசையில் அமர்ந்தும் ஒரு சொல் கேளாதவர், இப்போது நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஓர் எழுத்தின் குற்றத்தைக் கண்டுபிடித்துவிட்டார். எங்கள் உழைப்புக்கு இதைவிடப் பெரிய பரிசு வேண்டுவதில்லை. அன்று முதல் அக்குழந்தை ழகரம் பழகுகின்றாள். இப்போது தமிழ் எழுத்தும் எழுதக் கற்றுக்கொண்டாள்.

ஆதலின், விழா எடுக்கும் அன்பர்களை ஒன்று வேண்டுகின்றோம். வண்டி வந்து நின்றதும், பெட்டிகளை இறக்குவதற்கு முன், மேடையில் ஏறிப் பாடும் குழந்தை எங்கே நிற்கும் என்று பார்த்து, முதலில் அந்த இடத்தைக் குறித்துவிடுங்கள். மற்றவற்றுக்கெல்லாம் இடம் அதன் பிறகு.